பக்கத்து ஊருக்கு ஒரு பேருந்து

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுத் தேர்வு முடியப்போகிறது. விடைத்தாள் திருத்தும் பணியும் நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் விடுமுறையைப் பற்றிப் பேசச் சொன்னால் யாருக்கும் கசக்காது. அதனால் தயக்கமில்லாமல் பேசுகிறேன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் நாம் பிள்ளைகளிடம் ஒரு கட்டுரை கேட்போம். ‘கோடை விடுமுறையில் நான் சென்று வந்த இடம்.’ நான் மதுரை நகருக்குள் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் பலர் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் போகிறவர்கள். ஆனால் கட்டுரை நோட்டைத் திறந்தால் பாதிப் பேர் ஊட்டிக்குப் போயிருப்பார்கள். மீதிப் பேரில் பாதி கொடைக்கானல். ‘மலைகளின் அரசி’ என்று ஒரே வரியில் எல்லோரும் தொடங்கியிருப்பார்கள். எந்தக் கட்டுரைப் புத்தகத்திலிருந்து வந்தது என்று நமக்கே தெரியும். ஒரு முறை ஒரு ஏழாம் வகுப்புப் பெண் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தாள். எங்கும் போகவில்லை, குழாயில் தண்ணீர் பிடித்தேன், தம்பியைப் பார்த்துக்கொண்டேன் என்று. அந்தக் கட்டில் உண்மையான கட்டுரை அது ஒன்றுதான். அவளோ அதைக் கொடுக்கும்போது நோட்டை மூடிக் கொடுத்தாள்.

‘போவது’ என்றால் தூரமாகப் போவது, செலவு செய்து போவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். மதுரையில் பிறந்து மதுரையில் வளரும் பிள்ளைக்கு, தான் இருக்கும் ஊரில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. வகுப்பில் ‘நம்ம ஊரு பெருமை’ என்று பத்து நிமிடம் பேசி இதை மாற்ற முடியாது. நாம் போய் வந்து, கையில் மண்ணும் காலில் முள்ளும் பட்டு, அந்தச் சூட்டோடு பேசினால் ஒருவேளை முடியும்.

அதனால் மூன்று கோடையாக நாங்கள் சில ஆசிரியைகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மே மாதத்தில் நான்கு காலைப் பொழுதுகள். நகரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடமாக இருக்க வேண்டும். அதுவரை பார்க்காத இடமாக இருக்கலாம். அல்லது பார்த்த இடத்தில் அதுவரை செய்யாத ஒரு வேலையாக இருக்கலாம். ஆறு மணிக்குக் கிளம்பி, வெயில் ஏறும் முன் திரும்பிவிடுவோம். சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால் பெரும்பாலும் செலவு காபியோடு முடிந்துவிடும். வீட்டுப் பிள்ளைகள் வந்தால் வரலாம். பதிவேடு கிடையாது, அறிக்கை கிடையாது. இதற்கும் ஒரு படிவம் வந்துவிடக்கூடாது என்பதுதான் என் வேண்டுதல். (சிரிப்பு)

முதல் கோடையில் போனது மாட்டுத்தாவணி மலர்ச் சந்தை. எங்களோடு ஒரு கணக்கு ஆசிரியை வந்திருந்தார். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது பொது அறிவுக் கேள்வி. அதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். சந்தையில் நின்றால்தான் தெரிகிறது, அங்கே விலை என்பது ஓர் எண் அல்ல, ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்று. மொட்டாகப் பறித்த பூ, மாலைக்குள் விரிந்துவிடும். விரிந்தால் விலை இல்லை. ஆகவே மூட்டை வந்து இறங்கிய நேரத்துக்கு ஒரு விலை, வெயில் வந்த பிறகு ஒரு விலை. கோடையில் செடி பூத்துத் தள்ளும், விலை விழும். மார்கழிப் பனியில் பூ குறைந்து, பொங்கல் முகூர்த்தங்கள் சேரும்போது விலை பல மடங்காகும். கணக்கு ஆசிரியை அங்கேயே ஒரு துண்டுச் சீட்டில் அரைமணிக்கு ஒரு முறை விலையைக் குறித்தார். அந்தச் சீட்டுதான் பிறகு அவருடைய ஒன்பதாம் வகுப்பில் வரைபடமானது. பூக்கட்டும் அக்கா ஒருவரிடம் “முழம் எவ்வளவு?” என்றேன். “யார் கை முழம் டீச்சர், உங்க கையா, என் கையா?” என்றார். திட்ட அளவு, திட்டமில்லா அளவு என்று நாம் நடத்தும் பாடம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

அடுத்தது மாங்குளம். பெயர் பல பேருக்குத் தெரியும், போனவர்கள் குறைவு. மேலூர்ப் பக்கம், அரிட்டாபட்டியை அடுத்து, மீனாட்சிபுரத்தில் இருக்கிறது மலை. ஊர்க்காரர்கள் ஓவாமலை என்கிறார்கள். இராபர்ட் சீவல் 1882-இல் இங்குள்ள கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழி எழுத்து. சமணத் துறவியருக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி. அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் வருகிறது. இதெல்லாம் பாடநூலோடு தொடர்புடையதுதான்.

ஆனால் நாங்கள் போனது பார்க்க அல்ல, படிக்க. தமிழி எழுத்து அட்டவணை ஒன்றைப் பெரிதாக நகல் எடுத்துக்கொண்டு போனோம். குகைத்தளத்தில் கற்படுக்கைகளுக்கு மேலே, பாறையின் நெற்றியில், உள்ளங்கை அகலத்துக்கு எழுத்துகள். புள்ளி இல்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ‘க’ ஒரு கூட்டல் குறி போல நிற்கும். அதைப் பிடித்துக்கொண்டு தொடங்கினோம். என் மகள் அப்போது எட்டாம் வகுப்பு. அவள் ஓர் எழுத்து, நான் ஓர் எழுத்து என்று கூட்டிக் கூட்டி, அரைமணி நேரத்துக்குப் பிறகு ‘நெடுஞ்சழியன்’ என்று வந்தது. ஆமாம், அந்தக் கல்லில் ‘செழியன்’ இல்லை, ‘சழியன்’தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதன்முதலாகச் சுவரொட்டியைப் படித்துவிட்டு நம்மைத் திரும்பிப் பார்க்குமே, அந்த முகம் என் மகளுக்கு இருந்தது. எனக்கும் இருந்திருக்கும். எழுத்துக் கூட்டிப் படிப்பது எவ்வளவு மெதுவான வேலை, எவ்வளவு களைப்பான வேலை என்பதை நாற்பது வயதுக்கு மேல் ஓர் ஆசிரியர் உடம்பால் உணர வேறு வாய்ப்பு எளிதில் கிடைக்காது. தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு நான் கட்டாயம் பரிந்துரைக்கும் இடம் இது.

ஒரே ஒரு வேண்டுகோள். எழுத்து படத்தில் நன்றாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் அதன் மேல் தீட்டாதீர்கள். கையாலும் தேய்க்காதீர்கள். காலைச் சாய்வெயிலிலேயே எழுத்து தெளிவாகத் தெரியும்.

இறங்கும் வழியில் அரிட்டாபட்டி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட பகுதி. டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று ஊரே திரண்டு நின்றதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அங்குள்ள குடைவரைச் சிவன் கோயிலையும் சுனைகளையும் பற்றித் தனியாகவே பேச வேண்டும். இன்று நேரமில்லை.

இரண்டாம் கோடையில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

திருப்பரங்குன்றம் பக்கத்தில் விளாச்சேரி. கொலு பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மை எல்லாம் அங்கிருந்து வருவது நமக்குத் தெரியும். புரட்டாசியில் போய் வாங்குவோம். ஆனால் வேலை நடப்பது கோடையில். நவராத்திரிக்கான பொம்மைகளை இப்போதே அச்சில் எடுத்துக் காயவைத்தால்தான் ஆகும். ஒரு வீட்டில் கேட்டோம், “வாங்க வரல, செஞ்சு பாக்க வந்திருக்கோம்” என்று. அந்த வீட்டுப் பாட்டி சிரித்துவிட்டு, ஆளுக்கொரு மண்ணுருண்டையைத் தள்ளினார்.

கண்மாய் மண்ணைக் காலால் மிதித்து, கல் பொறுக்கி, மெழுகு போல ஆக்கிய மண் அது. முன்பாதி அச்சு, பின்பாதி அச்சு. இரண்டிலும் மண்ணை ஒரே கனமாக அமுக்கி, ஈரம் போவதற்குள் பொருத்த வேண்டும். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிவு என்றால் சூளையில் வெடித்துவிடும். பச்சைப் பொம்மையை நேரே வெயிலில் வைக்கக்கூடாது, நிழலில்தான் முதலில் உலர வேண்டும். நான் அமுக்கிய கிளியைப் பாட்டி ஒரு முறை தட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் மண்ணோடு சேர்த்துவிட்டார். பேச்சில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு பையன் வந்தான். பாட்டியின் பேரன், எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு. வகுப்பில் கடைசி வரிசை. பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். பருவத் தேர்வில் எப்போதும் தொங்கிக்கொண்டிருப்பான். என்னைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது. ஆனாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கட்டைவிரலைப் பிடித்து அச்சின் மூலையில் வைத்து, “இங்கேருந்து அமுக்குங்க டீச்சர்” என்று சொல்லிக்கொடுத்தான். அவன் விரல் போன வேகத்தை நான் எப்படிச் சொல்வது? கிளம்பும்போது தெருமுனை வரை வந்தான். “டீச்சர், ஸ்கூல்ல சொல்லாதீங்க” என்றான். ஏன் என்று கேட்டேன். மண்ணாங்கட்டி என்று கூப்பிடுகிறார்களாம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விடுமுறையில் வீட்டுத் தொழிலுக்குப் பக்கத்தில் இருப்பது வேறு. பள்ளி நாளில் வேலைக்காக நிறுத்திவைப்பது வேறு. இரண்டாவதை நான் எந்த வீட்டிலும் ஏற்கமாட்டேன். அவன் அம்மாவிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த வாரம் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது, நகரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். ‘ஆதன்’ என்று பெயர் கீறிய பானை ஓட்டின் முன்தான் எல்லோரும் நிற்பார்கள். விளாச்சேரிக்குப் போய் வந்த கண்ணோடு போனதால், நாங்கள் எழுத்தில்லாத ஓடுகளின் முன் அதிக நேரம் நின்றோம். கறுப்பு சிவப்புப் பானைகள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. ஒரே மண்ணில், ஒரே சூளையில் இரண்டு நிறம்.

ஜூலையில் ஒன்பதாம் வகுப்பில் கீழடி பற்றிப் பேச்சு வந்தது. அந்தப் பையனும் வகுப்பில் இருந்தான். நான் அந்தப் பானையின் படத்தைக் காட்டி, இது எப்படி இரண்டு நிறமானது என்று கேட்டேன். பெயிண்ட் அடித்தார்கள் என்றான் ஒருவன். இரண்டு மண் என்றாள் ஒருத்தி. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் புத்தகத்தைப் புரட்டினார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை, குறிப்பாக அந்தக் கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னாலிருந்து குரல் வந்தது. “கவுத்து வச்சுச் சுட்டிருப்பாங்க டீச்சர். காத்து படாத எடம் கறுத்துரும்.”

அதுதான் சரியான விடை. பானையைக் கவிழ்த்துச் சுடும்போது உள்ளே உயிர்வளி போகாது, கரி படிந்து கறுக்கும். வெளியே காற்றுப் பட்டு மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என்று அறிவியல் ஆசிரியர் சொல்வது. “உனக்கு எப்படிடா தெரியும்?” என்று பக்கத்துப் பையன் கேட்டான். அவன் என்னை ஒரு முறை பார்த்தான். பிறகு, “எங்க வீட்ல சூளை இருக்கு” என்றான்.

அதன் பிறகு அவன் எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டான் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆங்கிலம் இன்னும் தடுமாறுகிறது. ஆனால் வருகை குறையவில்லை. பெயர் கூப்பிட்டால் பதில் வருகிறது. மண்ணாங்கட்டி என்ற பெயர் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை, நின்றுவிட்டது.

நகரத்துக்குள்ளேயே இடம் வேண்டும் என்பவர்களுக்கு: மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய வீடு, கீழே கதர் விற்பனை நடக்கும், மேலே ஏறிப் பாருங்கள். வெயில் தாங்காதவர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம், குளிர்சாதனத்தோடு. புதுமண்டபத்தில் இருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையல்காரர்களிடம் சித்திரைத் திருவிழா உடை எப்படித் தைக்கிறார்கள் என்று கேட்கலாம். திருவிழா முடிந்த வாரம் போனால் அவர்களுக்கும் பேச நேரம் இருக்கும்.

பிள்ளைகளை அழைத்துப் போவதென்றால் தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் வேண்டும். அது பள்ளி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். கோடையில் நாம் மட்டும் போவோம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில், தொப்பி, மலைக்கு நல்ல செருப்பு. கையில் பையைத் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கிவிடும், தோளில் மாட்டுங்கள்.

இந்த மே மாதம் சுங்குடி. சௌராஷ்டிரப் பெண்கள் துணியில் புள்ளியை நகத்தால் கிள்ளி, நூலால் சுற்றி முடிச்சுப் போடுகிறார்களே, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில், அதில் ஐம்பது முடிச்சாவது போட்டுப் பார்ப்பதாக இருக்கிறோம். சொல்லிக்கொடுக்க ஓர் அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில் ஆறு பேர் உட்காரலாம், நாங்கள் நால்வர் ஆகிவிட்டோம். வருகிற இரண்டு பேர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் சொல்லுங்கள்.