இம்பால் எங்கே இருக்கிறது?

சாந்தோம் பக்கம் பையன்களுக்கு மாலை டியூஷன் எடுக்கும் இளைஞர்களுக்கு ஒரு கேள்வி. பார்லரில் வேலை பார்க்கும் மணிப்பூர் பெண்ணை உங்கள் பையன் ஒருவன் ‘சைனா’ என்று கூப்பிட்டால் என்ன செய்வீர்கள்? அதட்டினால் வாய் மூடும், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட கிண்டல் எங்கே போய் முடியும்? 2014 ஜனவரி, டெல்லி லஜ்பத் நகர். அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியாவின் தலைமுடியைக் கடையில் கிண்டலடித்தார்கள். வாய்ச்சண்டை அடிதடியானது; மறுநாள் அவர் உயிரோடு இல்லை. பிறகு வடகிழக்கு மக்களின் பிரச்சினைகளை ஆராய அமைந்த பெஸ்பரூவா குழு, சட்டத்தைத் திருத்துவதோடு வடகிழக்கின் வரலாற்றைப் பாடத்தில் சேர்க்கவும் சொன்னது. பாடப்புத்தகம் வரும்போது வரட்டும். பையன்களிடம் வரைபடத்தை விரித்து, மணிப்பூரின் தலைநகர் இம்பாலைத் தேடச் சொல்லுங்கள். அடுத்து, அவர்களே ‘கருவாயா’ என்று யாரையெல்லாம் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். நிறத்தை வைத்து மட்டம் தட்டுவதை எதிர்த்து 2009-ல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் கிளம்பியதும் நம் சென்னையில்தான்.