நோவுற்ற கைகளும் வளரும் பிள்ளைகளும்

விடியற்காலை ஐந்து மணி. அடுப்பு மூட்ட வேண்டும். பிள்ளைகளை எழுப்ப வேண்டும். பாடசாலைக்கு உணவு கட்டிக் கொடுக்க வேண்டும். ஆனால், தாயின் விரல்கள் மடங்க மறுக்கின்றன. மணிக்கட்டு வீங்கியிருக்கின்றது. தொட்டிலில் குழந்தை அழுகின்றது. அதனை அள்ளியெடுக்கக் கை எழவில்லை. மூத்த மகளின் கூந்தலைப் பின்னத் தொடங்கிய விரல்கள் பாதியிலே ஓய்ந்துவிடுகின்றன. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ சென்ற பின்னரே மூட்டுக்கள் சற்று இளகுகின்றன. அதற்குள் பாடசாலை மணி அடித்துவிடுகின்றது.

முடக்குவாதம் குடிபுகுந்த இல்லங்களிலே நாள்தோறும் நிகழ்வது இதுவே. முதுமையில் மூட்டுத் தேய்வதால் உண்டாகும் வலியன்று இது. நோய்க் கிருமிகளை எதிர்த்துப் போரிட வேண்டிய உடலின் காவற்படை, வழிதவறித் தன் மூட்டுக்களின் உட்சவ்வையே தாக்குவதால் விளைவது. ஆண்களைவிடப் பெண்களை இது இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகப் பற்றுகின்றது. பிள்ளைகள் சிறியராயிருக்கும் பருவத்திலேயே பல தாய்மாரை வந்தடைகின்றது. கருவுற்ற காலத்திலே பலருக்கு நோய் தணிகின்றது. பிள்ளை பிறந்த சில மாதங்களில் மீண்டும் மூளுகின்றது. குழந்தையைத் தூக்கியும் குளிப்பாட்டியும் இரவெல்லாம் விழித்தும் இருக்க வேண்டிய அதே மாதங்களிற் கை செயலிழப்பது எத்துணைக் கொடுமை!

இந்நோயின் மற்றொரு கொடுமை, அது பிறர் கண்ணுக்குப் புலப்படாமை. காலையில் எழமாட்டாதிருந்த தாய், மாலையிலே கோயிலுக்கு நடந்து செல்வாள். காண்போர், "நோவென்று சொன்னது வேலைக்குக் கள்ளமோ?" என்பர். ஊராரின் பேச்சைத் தாங்கிக்கொள்ளலாம். வீட்டிலுள்ள பிள்ளை என்ன எண்ணுகின்றது என்பதே பெரிது. நேற்று மடியில் ஏற்றிய தாய், இன்று கிட்ட வந்ததும் "தொடாதே" என்கின்றாள். காரணம் சொல்லப்படாதபோது பிள்ளை தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்கின்றது: "நான் ஏதோ பிழை செய்துவிட்டேன்; அம்மாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை." மூட்டு நோவைவிட ஆழமாகத் தைக்கும் நோவு இது.

ஓடியாடித் தூக்கி வளர்க்க இயலாத பெற்றோர், பிள்ளையின் உள்ளத்தில் நிலையான இடம் பெறுதல் கூடுமோ? பிரான்சு தேசத்து ஓவியர் ரெனுவாரின் இல்லம் இவ்வினாவுக்கு விடை கூறும். 1841இல் பிறந்த அவரை முடக்குவாதம் 1892 அளவிலே பற்றியது. அப்போது மூத்த மகன் பியர் ஏழு வயதுச் சிறுவன். அடுத்தவன் ழான் 1894இலும், கடைக்குட்டி குளோட் 1901இலும் பிறந்தனர். இவ்விருவரும் நோயற்ற தந்தையைக் கண்டதேயில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ரெனுவாரின் விரல்கள் உள்ளங்கையை நோக்கி வளைந்து இறுகின. தோல் புண்படாதிருக்கக் கைகளைத் துணியாற் சுற்றினர்; தூரிகையைப் பிறர் எடுத்து விரலிடையிலே வைத்தனர். இறுதி ஏழாண்டுகளைச் சக்கர நாற்காலியிலேயே கழித்தார்.

ஆயினும், அவர் தம் மக்களை உற்று நோக்கினார். தையலில் ஆழ்ந்திருக்கும் சிறுவன் ழானைத் தீட்டிய படம் சிக்காகோ நகரத்து ஓவியக்கூடத்தில் இன்றும் உள்ளது. 1909இலே, செந்நிறக் கோமாளி உடையணிந்த குளோட்டைத் தீட்டினார். பிள்ளையோடு கூடி விளையாட இயலாத தந்தை, பிள்ளையைக் கண்ணாரக் கண்டு மகிழ்ந்தார் என்பதற்கு அப்படங்களே சான்று. 1915இலே போரிற் காலிற் காயமுற்ற ழான் வீடு திரும்பினான். தாய் இறந்து சில காலமே ஆகியிருந்தது. நடக்க இயலாத தந்தையும் காலூன்ற மாட்டாத மகனும் ஒருங்கிருந்து நெடுநேரம் உரையாடினர். பிற்காலத்திலே திரைப்பட நெறியாளராய்ப் புகழ்பெற்ற ழான், அவ்வுரையாடல்களை நினைவுகூர்ந்து 1962இல் தந்தையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வளைந்த கைகள் அந்நூலில் இடம்பெறுகின்றன. எனினும் நூலெங்கும் நிறைந்திருப்பவை தந்தையின் பேச்சும், சிரிப்பும், மனிதரை நேசித்த உள்ளமுமே.

ரெனுவாரின் வீட்டிலே ஏவலுக்கு ஆள் இருந்தது. ழானை வளர்க்கக் கப்ரியேல் என்னும் பெண் உடனிருந்தாள். நம் நாட்டுத் தாய்மாரிற் பெரும்பாலோர்க்கு அவ்வசதி இல்லை. ஆகவே, வீட்டார் யாவரும் சுமையைப் பகிர்தல் வேண்டும். தேங்காய் திருவுதல், துணி பிழிதல், நீர் சுமத்தல் ஆகியன விரல்களையும் மணிக்கட்டையும் மிக வருத்துவன. இவற்றைக் கணவரும் வளர்ந்த ஆண்மக்களும் மேற்கொள்ளுதல் இழிவன்று. உடுப்பையும் புத்தகங்களையும் முதல் நாள் மாலையே ஆயத்தப்படுத்தி வைத்தாற் காலையின் நெருக்கடி பாதி குறையும். குழந்தையைத் தரையினின்று விரல்களாற் பற்றித் தூக்குவதிலும், தாய் கட்டிலில் அமர்ந்து, தவழ்ந்து ஏறிவரும் பிள்ளையை முன்கைகளால் அணைத்துக்கொள்வது எளிது.

அனைத்திலும் முதன்மையானது, பிள்ளைக்கு உண்மை கூறல். "அம்மாவின் கைகள் காலையில் நோகும், வெயில் ஏறியதும் குறையும். இது உன்னால் வந்ததன்று. தொட்டால் உனக்குத் தொற்றாது. மாலையில் உனக்குக் கதை சொல்வேன்" என்றால் நான்கு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். ஆனால், உண்மை கூறுதல் வேறு, சுமையேற்றுதல் வேறு. தண்ணீர்ச் செம்பை எடுத்து வந்து கொடுப்பது பிள்ளைக்குப் பெருமை. சமையல், தம்பி தங்கையரின் பராமரிப்பு யாவும் பத்து வயதுச் சிறுமியின் தலையில் விழுமாயின், அவள் பிள்ளைப் பருவத்தையே இழந்துவிடுவாள். நேரம் பிந்தி, பின்னல் அவிழ்ந்து பாடசாலைக்கு வரும் சிறுமியைக் கடிந்துகொள்ளுமுன், அவள் வீட்டிலே காலையில் நடந்தது யாதென ஆசிரியர் வினவுதல் நன்று.

ரெனுவார் காலத்தில் இந்நோயைத் தடுக்கவல்ல மருந்து இருக்கவில்லை. கோட்டிசோன் என்னும் மருந்து 1948இலேதான் இந்நோய்க்கு முதன்முதலாக அளிக்கப்பட்டது. இன்றோ, மெதோதிரெக்சேற்று முதலிய மருந்துகள் மூட்டு அழியாது காக்க உதவுகின்றன. அழிந்த மூட்டு மீளாது. ஆதலால் எண்ணெய் பூசி ஆண்டுகளைப் போக்காது, வீக்கம் சில வாரங்கள் நீடிக்கும்போதே வைத்தியரை நாடவேண்டும். அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமே. சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்வன. எனவே, பிள்ளைப்பேற்றை விரும்புவோர் முன்கூட்டியே வைத்தியரிடம் கூறி ஆலோசனை பெறுதல் அவசியம்.

தூக்க இயலவில்லையே என்று வருந்தும் தாய்மார் ஒன்றை மறத்தலாகாது. பிள்ளை தூக்கப்படும் காலம் சில ஆண்டுகளே. தன் சொல்லைச் செவிமடுத்துக் கேட்க ஒருவர் வேண்டுமென்று அது ஏங்குவது வாழ்நாள் முழுவதும். அதற்கு நோவுற்ற கைகள் தடையாவதில்லை.