ஊர் திரும்புங்கால்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘ஊர் திரும்புதல்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எம்மைப் பணித்தார். யாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இருபத்திரண்டு ஆண்டுகளாக ரயில்வேயில் பார்சல் எழுத்தராய்க் காலம் கழித்து வருகின்றோம். புலமை உடையேம் அல்லேம். ஆயினும் எம் மேசை எமக்குச் சிலவற்றைக் கற்பித்துள்ளது. விடுமுறைக்குச் செல்லும் குடும்பம் பெட்டியும் தின்பண்டமுமாகப் போகும். அம்மிக்கல்லும் தையல் இயந்திரமும் பார்சலுக்கு வருமாயின், அக்குடும்பம் மும்பையை விட்டே போகிறது என்று அறிந்துகொள்வோம். அவ்வாறு சென்ற அம்மிக்கல் இரண்டு மூன்று ஆண்டுகளில் எம்மிடமே திரும்பி வந்ததையும் கண்டுள்ளோம். அஃது ஏன் என்பதே எம் பேச்சு.

இந்நகரின் அப்போலோ பந்தரில் 1915-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள் காந்தியடிகள் வந்து இறங்கினார். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 21 ஆண்டுகள் வாழ்ந்தவர். அப்போது வயது 45. அந்நாளையே 2003 முதல் அரசு அயலக இந்தியர் நாளாகக் கொண்டாடி வருகிறது. வந்தவரிடம் கோகலே கேட்டது ஒன்றே: ஓராண்டுக் காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும், அதுவரை பொதுச் செய்திகளில் கருத்துரைத்தல் கூடாது. அடிகளும் இசைந்து மூன்றாம் வகுப்பு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். (அவ்வகுப்பு 1974-இல் நீங்கியது, நெரிசல் நீங்கவில்லை!) தாய்நாடே ஆயினும், விட்டுச் சென்ற நாடும் வந்து சேர்ந்த நாடும் ஒன்றல்ல என்பதைக் கோகலே அறிந்திருந்தார் போலும்.

அவ்வாறு பார்த்துவரும் ஓராண்டு வாய்க்கப்பெறாத மக்களும் உண்டு. இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்த நம்மவர் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டனர். மக்களையும் மூட்டை எண்ணுவதுபோல் எண்ணிவிட்டனர் அன்றோ!

தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, ஆங்கிருந்து அவர்கள் பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். பலர்க்குத் தொழிற்கடன் கிடைத்தது. கொழுந்து பறிப்பதன்றி வேறறியாத குடும்பம் சமவெளியிற் கடைவைத்து எங்ஙனம் பிழைக்கும்? முதலைத் தின்று தீர்த்த பலர், மீண்டும் தேயிலையைத் தேடி நீலகிரிக்கே ஏறினர். அரசு அவர்களுக்கென 1968-இல் தொடங்கிய தேயிலைத் திட்டமே பின்னர் ‘டான்டீ’ ஆயிற்று. கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் அத்தோட்டங்களைக் காணலாம். 1969-இல் தாயகம் திரும்பியோர்க்கென ரெப்கோ வங்கியும் எழுந்தது. எனினும் எம் மனத்தைத் தைப்பது பிறிதொன்று. அங்கே ‘இந்தியத் தமிழர்’ எனப்பட்டவர், இங்கே வந்ததும் ‘சிலோன்காரர்’ ஆயினர். மும்பையில் மதராஸி, ஊரில் பம்பாய்க்காரர் என்று வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எம் சிற்றப்பா தாராவியில் முப்பது ஆண்டுகள் தோல் தொழிலில் உழைத்து, சேர்த்த பணத்துடன் திருநெல்வேலிச் சீமையிலுள்ள எம் ஊரில் மளிகைக்கடை வைத்தார். பம்பாய்ப் பணம் வற்றாது என்று சொந்தபந்தம் கடன் கேட்டது. பல்லாண்டு பிரிந்திருந்தவர் இல்லை என்று சொல்லக் கூசினார். மூன்றாம் ஆண்டில் கடையும் இல்லை; உறவும் இல்லை. அவருடைய அம்மிக்கல்லை இறக்கி வைத்தவர் யாமே. அன்று அவரிடம் ஒரு சொல்லும் பேச எமக்கு நா எழவில்லை.

பின்னர் 2020 வந்தது. தாராவியில் நோய் பரவிய நாட்களில், மே மாதம் ஓடத் தொடங்கிய சிறப்பு வண்டிகளிலும் வாடகை ஊர்திகளிலும் எத்தனை குடும்பங்கள் ஊருக்கு ஓடின! இனி வாரோம் என்றவரும் பலர் வந்துவிட்டனர். அவர்களைக் குறை கூறோம். ஊரில் வீடு இருந்தது, வேலை இல்லை.

இப்போது எம் இல்லத்திலும் இதே வழக்கு நடைபெறுகிறது. அன்னையார் தம் கண் மூடுமுன் ஊர் சேர வேண்டும் என்கின்றார். எம் மனைவியார், “அங்கே போய் நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று மெல்லக் கேட்கின்றார். பத்தாம் வகுப்பில் பயிலும் மகளோ மராத்தியில் கட்டுரை எழுதுவாள். தமிழில் பேசுவாள், பேருந்துப் பலகையைத் தட்டுத்தடுமாறி வாசிப்பாள். அவளுக்கு எது ஊர் என்று எம்மால் விடை சொல்ல இயலவில்லை. இருபது ஆண்டுப் பணி முடிந்தமையால் விருப்ப ஓய்வு கேட்க எமக்கு உரிமை உண்டு. விண்ணப்பம் எழுதியாயிற்று, கையொப்பம் மட்டும் இடவில்லை.

ஆகவே இவ்வாண்டுத் தை மாதம் விடுப்பெடுத்து, அன்னையாருடன் ஊர் சென்று ஒரு திங்கள் தங்கப் போகின்றோம். மகளின் தேர்வு முன்னிற்றலால் மனைவியாரும் மகளும் இங்கேயே இருப்பர். நிலம் பேசோம், கடை பேசோம். யார் கேட்டாலும் காது கொடுத்துக் கேட்போம். 60 நாட்களுக்கு முன் முன்பதிவு திறக்கும் காலையிலேயே நாகர்கோவில் விரைவு வண்டியில் இரண்டு இடம் எடுத்துவிடுவோம், திரும்புவதற்கும் இரண்டு. அன்னையார் அம்மிக்கல்லைக் கட்டச் சொல்கின்றார். அதற்கு இன்னும் விடை கூறவில்லை.