உத்தியோக நேர்முகமும் நம் வீட்டுப் பழக்கமும்
(தொப்பம்பட்டியில் சங்க உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



உத்தியோக நேர்முகத்துக்கு அழைக்கப்பெறும் நம் பிள்ளைகள் அங்கே எவ்வாறு பேசி நடந்துகொள்ள வேண்டுமென்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி சங்க நிர்வாகிகள் நம்மைப் பணித்தார்கள். ஆனால் முதலில் பெற்றோர்களிடத்திலேயே ஒரு விண்ணப்பம் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்த விருந்தினர், "தம்பி என்ன படிக்கிறாய்?" என்று கேட்கிறார். பிள்ளை தலைகவிழ்ந்து நிற்கிறான். தகப்பனாரே விடை கூறிவிடுகிறார். இதனை அடக்கமென்று மெச்சிக்கொள்கிறோம். இருபது வருஷம் இவ்விதம் வாய்பூட்டி வளர்த்த பிள்ளையை, முன்பின் அறியாத நாலைந்து பெரியவர்களின் எதிரே உட்காரவைத்தால் அவன் எங்ஙனம் பேசுவான்? பெண்மக்களின் நிலைமையைச் சொல்ல வேண்டுவதில்லை.

மத்திய தேர்வாணையத்தார் நடத்தும் சிவில் சர்வீஸ் பரீட்சையில் எழுத்துக்கு 1750 மதிப்பெண், நேர்முகத்துக்கு 275. 2016 ஜனவரி முதல் மத்திய சர்க்காரின் கீழ்நிலை உத்தியோகங்களுக்கு நேர்முகம் நீக்கப்பட்டது. ஆயினும் மேற்பதவிகளுக்கும் தனியார் கம்பெனிகளுக்கும் அது இருந்தே வருகிறது. அத்தேர்வாணையத்தாரின் விதிகளே இதனைக் குறுக்கு விசாரணையாகக் கருதாமல் இயல்பான சம்பாஷணையாகவே கூறுகின்றன. தாய்மொழியில் பரீட்சை எழுதியவர் அம்மொழியிலேயே விடை சொல்லவும் இடமுண்டு. ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று அஞ்சுவோர் இதனைக் கவனிப்பாராக.

கணித மேதை இராமானுஜனாரின் சரித்திரம் இங்கே நினைக்கத்தக்கது. 1910-ஆம் வருஷக் கடைசியில் அவர் நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் அவர்களைக் காணச் சென்றார். சவரம் செய்யாத முகம். கையிடுக்கில் நைந்த நோட்டுப் புத்தகம். கண்களில் மாத்திரம் ஒளி. (நம் வாலிபர்கள் சவரத்தில் அவரைப் பின்பற்ற வேண்டாம்!) நோட்டிலிருந்தவை முதலில் ராவ் அவர்களுக்கு விளங்கவில்லை. இராமானுஜனார் மீண்டும் சென்று, எளிய முடிவுகளை முதலில் காட்டி, படிப்படியாக அரியவற்றுக்கு அழைத்துச் சென்றார். என்ன வேண்டுமென்று கேட்டபோது, ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க வயிற்றுப்பாட்டுக்குச் சிறிது போதுமென்றார். ராவ் அவர்கள் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். பின்னர் 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. கேட்பவர் ஏறக்கூடிய முதற்படி எதுவென்று அவர் அறிந்திருந்தார்.

சென்ற வருஷம் ஒத்திகைக்காக ஒரு வாலிபரிடம், "உங்கள் ஊரில் விவசாயம் எப்படி?" என்று கேட்டோம். இந்திய விவசாயம் பருவமழையின் சூதாட்டமென்று புத்தக வாக்கியமொன்றை ஆங்கிலத்தில் ஒப்புவித்தார். "உங்கள் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது?" என்றோம். அவ்வளவுதான்! கிணறு வற்றியதும், மக்காச்சோளத்தை விட்டு முருங்கை வைத்ததும், அதன் விலை ஒரே வாரத்தில் சரிந்ததும் பத்து நிமிஷம் தடையின்றி வந்தன. முதல் விடைக்கு நாம் மதிப்பெண் இட்டிருக்க மாட்டோம்.

மற்றவை சிறு காரியங்கள். சுத்தமான உடை, அனுமதி பெற்று நுழைதல், வணக்கம் சொல்லி உட்காரச் சொன்ன பின் உட்காருதல், கேள்வி முடியும்வரை பொறுத்தல். தெரியாததைத் "தெரியாது, ஐயா" என்று முகம் பார்த்துச் சொல்லிவிடலாம்; அதில் குறைவில்லை. காலில் விழுதல் மட்டும் கூடவே கூடாது.

இன்னொன்று சொல்லக் கசப்பானது. நேர்முகக் கடிதம் வந்தவுடன் சிலர் சங்கத்தாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறார்கள். சிபாரிசால் உத்தியோகம் பெறும் வழக்கத்தைத் தடுக்கவே சென்னை மாகாணத்தில் 1929-ஆம் வருஷச் சட்டத்தால் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. இந்திய மாகாணங்களுள் அதுவே முதலாவது. சிபாரிசு தேடுவோரைத் தேர்வாணையத்தார் தகுதியற்றவரென்றே தள்ளிவிடலாம். நாம் கொடுக்கும் கடிதம் நம் பிள்ளையையே கெடுக்கும். ஆகையால் கேட்டு வருத்த வேண்டாம்.

அதற்குப் பதிலாக, மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில், உத்தியோக அனுபவமுள்ள நம்மவர் மூவர் இவ்விடத்திலேயே அமர்ந்து ஒத்திகை நடத்த இசைந்திருக்கிறார்கள். பெண்களையும் தவறாது அழைத்து வாருங்கள். தகப்பனார்கள் வாயிற்படிக்கு வெளியே காத்திருக்கலாம்.