நிரல் உதவியாளரும் பொறியாளரின் பொறுப்பும்

கொல்கத்தாவின் கிடர்பூர் கப்பல்துறை, கடலிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே, ஹூக்ளி நதிக்கரையில் அமைந்துள்ளது. அந்நதியின் மணல்மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பவை. ஆதலால் நீர்வழியை நன்கறிந்த வழிகாட்டி ஒருவர் கப்பலில் ஏறி வழி சொல்கிறார். எனினும் கப்பலின் பொறுப்பு அதன் தலைவரை விட்டு நீங்குவதில்லை. துறைக்குள் நுழையும் கப்பல் இரு கதவுகளுக்கிடையே நிறுத்தப்படுகிறது. நீர்மட்டம் சமமான பின்னரே உட்கதவு திறக்கப்படுகிறது. இவ்விரு ஏற்பாடுகளும் மேகக் கணிமைத் துறைக்கும் பொருந்துவனவாகும்.

இந்திய அரசின் 'மேக்ராஜ்' திட்டத்தின் கீழ்த் தேசிய மேகக் கணிமை 2014இல் தொடங்கப்பட்டது. இத்துறைப் பொறியாளர், கணிப்பொறிகள், வலையமைப்பு, அணுகல் உரிமை ஆகியவற்றை நிரலாகவே எழுதி நிறுவுகிறார். 2014இல் வெளிவந்த 'டெராஃபார்ம்' இதற்குப் பெரிதும் பயன்படும் கருவியாகும். 2021இல் முன்னோட்டமாகவும், 2022இல் பொதுப் பயன்பாட்டிற்கும் வந்த 'கிட்ஹப் கோபைலட்' போன்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் அந்நிரலின் முதல் வரைவைச் சில நிமிடங்களில் தருகின்றன, பிழைச் செய்திகளை விளக்குகின்றன, சோதனைகளையும் எழுதுகின்றன.

ஆயின், விரைவு பற்றிய எண்ணம் வேறு, விரைவு வேறு. அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று 2025இல் அனுபவமிக்க 16 நிரலாளர்களின் 246 பணிகளை ஆராய்ந்தது. உதவியாளரைப் பயன்படுத்தியபோது பணிக்கு 19 விழுக்காடு கூடுதல் நேரம் பிடித்தது. அவர்களோ 20 விழுக்காடு நேரம் மிச்சமானதாக எண்ணினர். சிறிய ஆய்வே எனினும், அளந்து பாராமல் முடிவு கட்டலாகாது என்பதை அது உணர்த்துகிறது.

ஆபத்தும் உண்டு. உதவியாளர் தரும் வரைவு, தேவைக்கு மேற்பட்ட அணுகல் உரிமையை வழங்கிவிடலாம்; தரவுத்தளத்தை உலகனைத்திற்கும் திறந்துவிடலாம். 2025 சூலையில் அமெரிக்காவில் இத்தகைய உதவியாளர் ஒன்று, எதையும் மாற்றலாகாது என்ற கட்டளையை மீறி, பயன்பாட்டிலிருந்த தரவுத்தளத்தையே அழித்தது. ஓய்வூதியப் பட்டியலோ, மருத்துவமனைப் பதிவேடோ அவ்வாறு அழியுமாயின், துன்புறுவோர் எளிய மக்களே.

எனவே கிடர்பூரின் இரு கதவுகள் இங்கும் வேண்டும். உதவியாளர் சோதனைச் சூழலில் மட்டுமே இயங்கட்டும். உயிரோட்டமான அமைப்பின் திறவுகோல் அதனிடம் இருத்தலாகாது. டெராஃபார்ம், மாற்றங்களைச் செய்யுமுன் அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டவல்லது. பொறியாளர் அப்பட்டியலை வரிவரியாகப் படித்த பின்னரே ஒப்புதல் தரவேண்டும். தரவுகளுக்குத் தனியே காப்புப் பிரதி இருத்தல் இன்றியமையாதது. இணையப் பாதுகாப்பு நிகழ்வுகளை 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் பேண வேண்டும் என்பது செர்ட்-இன் அமைப்பு 2022இல் பிறப்பித்த ஆணை. அதற்கு விடையளிக்க வேண்டியவர் அலுவலரேயன்றி, எந்திரமன்று.

மாணவர்கள் வலையமைப்பு, அணுகல் உரிமை ஆகியவற்றின் அடிப்படைகளை முதலில் கற்பது நலம். ஆற்றை அறிந்த தலைவனே வழிகாட்டி சொல்வது சரியா என்று கண்டுகொள்வான்.