குழிந்த ‘பி’ பிழையன்று



எனக்கு முன் இந்தத் தலைமை இருக்கையில் அமர்ந்தவர்களை எண்ணும்போது பெருமையோடு நடுக்கமும் சேர்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கும், பினாங்கின் இந்தக் கெலுகோரில் நம்மைக் கூட்டியவர்களுக்கு என் நன்றி.

இந்தக் கருத்தரங்கின் பொருள், அச்சடிப்புப் பிழைகளும், காசை அடிக்கும் அச்சான டையின் வேறுபாடுகளும். தகட்டில் வரும் குறை, டையில் இருக்கும் வேறுபாடு, அடிக்கும்போது நேரும் பிழை என்ற மூன்றையும் இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு விளிம்பு விழாமல் வெளிவந்த 1954, 1961ஆம் ஆண்டு ஐம்பது காசு நாணயங்களைப் பற்றிப் பேச நல்ல ஆய்வாளர்கள் வந்திருக்கிறார்கள். அதை அவர்களிடமே விடுகிறேன்.

என் நேரத்தை ஒரே காசுக்குத் தருகிறேன். அது 1903ஆம் ஆண்டின் நீரிணைக் குடியேற்ற வெள்ளி (டாலர்). ஏழாம் எட்வர்டின் தலை பொறித்தது, 26.95 கிராம் எடை, நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. பம்பாய் நாணயச்சாலையில் அடித்ததற்கு அடையாளமாக ‘பி’ எழுத்து அதில் உண்டு. சில காசுகளில் அந்த எழுத்து புடைத்து நிற்கிறது. சிலவற்றில் குழிந்து கிடக்கிறது. குழிந்ததைப் ‘பிழைக் காசு’ என்று விற்கிறார்கள், வாங்குகிறார்கள். முன்வரிசையில் இருக்கும் என் மூத்த நண்பர்கள் சிலரும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். அவர்களிடம் கற்றவன் நான். ஆனாலும் இதில் அவர்களோடு உடன்பட முடியவில்லை.

காசில் எழுத்து புடைத்திருந்தால் டையில் அது குழிந்திருக்கும். வேலையாள் ஒருவர் டையில் நேரே தட்டி அதை இறக்கிவிடலாம். காசில் எழுத்து குழிய வேண்டுமானால் டையில் அது புடைத்து நிற்க வேண்டும். டையின் மேல் தட்டிப் புடைப்பை உண்டாக்க முடியாது. டையை உருவாக்கும் ‘ஹப்’பிலேயே எழுத்தைக் குழித்து, அதிலிருந்து டையை எடுத்திருக்க வேண்டும். அதாவது இது முன்கூட்டியே முடிவு செய்து செய்த வேலை. கை தவறி எவரும் இதைச் செய்துவிட முடியாது!

இதற்குச் சான்று நம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கிறது. விக்டோரியா காலத்துப் பம்பாய் ரூபாய்களைப் பாருங்கள். அவற்றிலும் புடைத்த ‘பி’ உண்டு, குழிந்த ‘பி’ உண்டு. ஒரே நாணயச்சாலை இரண்டு முறைகளையும் கையாண்டிருக்கிறது. நீரிணைக் காசுகளை ஆராய்கிறவர்கள் பிரிட்மோரின் 1955ஆம் ஆண்டு நூலையும் சரண் சிங்கின் 1986ஆம் ஆண்டுக் கலைக்களஞ்சியத்தையும் புரட்டுகிறோம். புரட்டத்தான் வேண்டும். ஆனால் ரூபாயை ‘இந்தியக் காசு’ என்று வேறு பெட்டியில் போட்டு மூடிவிட்டோம். நம் வெள்ளியை அடித்தது ரூபாய் அடித்த அதே நாணயச்சாலைதான். ரூபாயை இப்படிப் புறக்கணித்ததுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

டை ஆய்வு சேகரிப்பாளரின் விளையாட்டு, வரலாறு ஆகாது என்று சொன்ன பேராசிரியர்களுக்கும் பணிவோடு ஒன்று சொல்வேன். ஒரு நாணயச்சாலையில் யார் எந்தக் கட்டத்தில் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை, ஏடுகள் பேசாத இடத்தில் காசின் முகமே காட்டுகிறது. இது வரலாறு இல்லையென்றால் வேறெது வரலாறு?

சந்தையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. காசு வெளிவந்த பிறகு உளியால் ‘பி’ குத்துவது எளிது. ஆனால் குத்தினால் உலோகம் ஓரத்தில் பிதுங்கும், மறுபக்கத்தில் நேர் எதிரே சற்றுத் தட்டையாகும். சீன வணிகர்கள் முத்திரை குத்திய வெள்ளிகளைக் கையாண்டவர்களுக்கு இந்தத் தழும்பு நன்றாகத் தெரியும். டையிலிருந்தே வந்த குழிவில் அது இருக்காது. பினாங்கு வீதியின் பணமாற்றுக் கடைகளில் வாங்குபவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கக்கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் இது. நம் பட்டியல்களில் குழிந்த ‘பி’யைப் பிழைப் பகுதியிலிருந்து எடுத்து டை வேறுபாட்டுப் பகுதியில் சேருங்கள். உங்களிடம் புடைத்த ‘பி’ வெள்ளிகள் இருந்தால், எழுத்தின் இடமும் சாய்வும் தெரியும்படி ஒரே அளவில் படமெடுத்து அனுப்புங்கள். டைக்கு டை தனித்தனியே தட்டியிருந்தால் எழுத்து சற்றே நகர்ந்திருக்கும். குழிந்ததில் அந்த நகர்வு இருக்காது. என் வாதம் தவறென்றால் அந்தப் படங்களே அதைக் காட்டிவிடும்.