நீச்சல் ஆசான் சச்சின் நாக்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)

 

செஞ்சிக் கோட்டையின் சக்கரகுளத்தையும் செட்டிகுளத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பொதுக் குளத்து நீரை நம்மவர் தொடுவதே குற்றமெனக் கருதப்பட்ட நாடு இது. அக்கொடுமையை எதிர்த்தே 1927 மார்ச்சு 20 அன்று, மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரள்ளிப் பருகினார். நீரைத் தொடும் உரிமை வேறு. நீரில் நீந்தும் திறமை வேறு. திறமை வேண்டுமாயின் கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். அவ்வாறு கற்றுக்கொடுத்த ஒருவரைப் பற்றி இன்று பேச விழைகிறேன்.

சச்சின் நாக் 1920இல் காசியில் பிறந்தவர். கல்கத்தாவில் நீந்திப் புகழ்பெற்றவர். நாடு கலவரத்தில் கொந்தளித்த 1947இல் அவர் காலில் குண்டு பாய்ந்தது. எனினும் மறு ஆண்டே இலண்டன் ஒலிம்பிக்கில் நீந்தினார், நீர்ப்பந்தாட்டத்திலும் ஆடினார். 1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், நூறு மீட்டர் நீச்சலை 1 நிமிடம் 4.7 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். 2023இல் நடந்த ஹாங்சோ விளையாட்டு வரையில், நீச்சல் பந்தயத்தில் வேறோர் இந்தியர் ஆசியத் தங்கம் பெற்றதில்லை.

அந்த வெற்றியைக் குறைத்துப் பேசுவோரும் உண்டு. 1951ஆம் ஆண்டு நீச்சல் பதக்கப் பட்டியலில் வலிமை மிக்க ஜப்பானியர் ஒருவரும் இல்லை என்பது அவர்கள் வாதம். அது உண்மையே. ஆனால் வந்தவரோடு போட்டியிடுவதே வீரன் செய்யக்கூடியது. வராதவர்க்கு அவன் பொறுப்பாளி அல்லன்.

என் கருத்தில், அவருடைய பெருமை அந்தப் பதக்கத்தோடு முடிவதன்று. கல்கத்தாவின் ஹாட்கோலா நீச்சல் சங்கத்தில் ஆரத்தி சாகா என்னும் சிறுமியின் ஆற்றலைக் கண்டறிந்து பயிற்றுவித்தவர் அவர். அச்சிறுமி பன்னிரண்டு வயது நிறையுமுன்பே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீந்தினார். 1959 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்று தோற்றார். மனந்தளராது செப்டம்பர் 29 அன்று மீண்டும் இறங்கி, 16 மணி 20 நிமிடத்தில் கரையேறினார். அக்கால்வாயை நீந்திக் கடந்த முதல் ஆசியப் பெண்மணி அவரே. 1960இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கால்வாயைக் கடந்த கைகள் ஆரத்தியினுடையவை; அப்புகழ் அவருக்கே உரியது. ஆனால் அக்கைகளைத் தொடக்கத்தில் பழக்கியவருக்கு நாடு என்ன செய்தது? 1961இல் அர்ச்சுனா விருது ஏற்பட்டது, அவருக்கு வழங்கப்படவில்லை. 1985இல் பயிற்சியாளர்க்கெனத் துரோணர் பெயரால் விருது ஏற்பட்டது, அதுவும் வரவில்லை. ஏகலைவனின் கட்டைவிரலை நாம் மறந்தவர்கள் அல்லோம். விரலைக் கேட்டவர் பெயர் நிலைத்துவிட்டது, நீந்தக் கற்பித்தவர் பெயரோ மறைந்துகொண்டிருந்தது. 1987இல் நாக் மறைந்தார். 33 ஆண்டுகள் கழித்து, 2020இல், தியான்சந்த் விருது அவர் பெயருக்கு அறிவிக்கப்பட்டது. இறந்தவர் செவியில் கைதட்டல் விழுமா?

இளைஞர்களே! இதிலிருந்து இரண்டு கடமைகளை உங்கள்முன் வைக்கிறேன். நம் பிள்ளைகள் ஆணாயினும் பெண்ணாயினும், தேர்ந்தவர் மேற்பார்வையில் நீந்தக் கற்க வழிசெய்யுங்கள். ஏரியும் கிணறும் சூழ்ந்த நம் பகுதியில் இது விளையாட்டு மட்டுமன்று, உயிர்க்காப்பும் ஆகும். அடுத்து, இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஊதியம் கருதாது நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர்களின் பெயர்களைத் திரட்டிப் பதிவு செய்யுங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே மேடையேற்றி மாலை சூட்டுங்கள். அடுத்த விழாவுக்கென்று அதனைத் தள்ளிவைக்க வேண்டா.